இடுப்பு உயரத்தில் காளியாயி

நோட்டன் பிரிட்ஜ்
20.11.1955

அண்ணனுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டிருக்கிறது, கடை ஓடுகிறது. வெள்ளிக்கிழமை உங்கள் லொறி எங்கள் வீதி வழியாகப் போனதையும் அறிந்தேன். எதிர்க்கடை ஜமால்தீன் நானா பார்த்திருக்கிறார். "தங்கச்சி, ஒங்கட அண்ணன் முன்சீட்டில இருந்தாரு. ஒங்கட வாசலுக்கு நேரா லொறி நின்டுச்சு. அவர் எறங்கல்ல. செவரப் பார்த்தாரு, டிரைவர்ட தோள்ல தட்டினாரு, லொறி போயிட்டு" என்றார். நான் உள்ளே அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

சரி, போகட்டும். லொறியில் இருந்து பார்த்தால் எங்கள் வீதி விளங்காது. இறங்கி நடக்க வேண்டும். அதனால் நானே எழுதுகிறேன்.

அணைக்கட்டு வேலை முடிந்து ஆட்கள் கலைந்தபோது இந்த வீதி செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். "கடையைச் சாத்திவிட்டு ஹட்டனுக்கு வா, என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுகிறேன்" என்றீர்கள். வடை விற்று வாங்கிய கடையை விட்டுவிட்டு இன்னொருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அப்போதெல்லாம் பஸ் இங்கே நிற்பது ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றத்தான். இறங்கி ஒரு வெற்றிலை வாங்க ஆள் கிடையாது.

அணைக் குளத்து ஈரம் சுவரில் இடுப்பு வரை ஏறிக் காரை உதிர்ந்தது. உங்கள் மச்சான் கீழ்ப்பாதிக்கு மட்டும் சீமெந்து பூசினார். அணையில் கொத்து வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, ஈரச் சீமெந்தில் புடைப்பாக ஒரு மீன் வைத்து நீலம் தீட்டினார். அடுத்த பஸ்ஸில் வந்த பிள்ளை ஒன்று அந்த மீனைத் தொட வேண்டுமென்று அழுதது. பிள்ளையோடு தாய் இறங்கினாள். தாயைத் தேடித் தகப்பன் இறங்கினான். இறங்கியவன் பீடி வாங்கினான்.

அண்ணன், வியாபாரிக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? வீடு வீடாகப் போய்ப் பேசினேன். இன்றைக்கு இந்த வீதியில் மொட்டைச் சுவர் ஒன்று இல்லை. தையற்காரர் வாசலில் கத்தரிக்கோலும் மெஷினும். பேக்கரிக்காரச் சிங்களவர் சுவரில் வரிசையாகப் பாண், சுட்ட நிறத்திலேயே. ஜமால்தீன் நானா "உசிருள்ள உருவம் நமக்கு வேணாம் தங்கச்சி" என்று சொல்லி, தேத்தண்ணிக் கேத்தலும் கொடியும் பூவும் வைக்கச் சொன்னார். வீதியிலேயே வடிவான சுவர் அவருடையதுதான், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். காலையில் காற்று இல்லாத நேரத்தில் இத்தனை நிறமும் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். சிவனொளிபாத மலைக்குப் போகிற பஸ்கள் இந்தப் பருவம் இங்கே நிற்காமல் போனால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

எங்கள் சுவரில் மீனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டீர்கள். அம்மாதான். காலடியில் "காளியாயி" என்று பேரும் எழுதியிருக்கிறது. சாடை சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

தங்கை
நாகலெட்சுமி


ஹட்டன்
25.11.1955

நாகுவுக்கு,

ஆமாம், நின்றேன், பார்த்தேன், போனேன். இறங்கியிருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன்.

பெற்ற தாயை நடுத்தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறாய். தலையில் கயிறு, முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. போதாததற்குப் பெயர் வேறு. இந்த ஹட்டன் கடைவீதியில் என்னை யாரென்று நினைத்திருக்கிறார்கள் தெரியுமா? நம் அப்பா திருச்சியில் இருந்து கப்பலில் சரக்கோடு வந்து வியாபாரம் செய்தவர் என்று நினைத்திருக்கிறார்கள். நான்தான் சொன்னேன். என் கடைப் பலகையில் உள்ள "காளியாயி ஸ்டோர்ஸ்" யார் பெயர் என்று கேட்டவர்களுக்கு அது எங்கள் குலதெய்வம் என்று சொன்னதும் நான்தான். தோட்டத்துக் கூலி லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவனுக்கு இங்கே மொத்த வியாபாரிகள் சரக்குத் தருவார்களா? உனக்கு வடைக் கடை. கேட்பாரில்லை. எனக்கு அப்படியில்லை.

இப்போது விஷயம் அதைவிடப் பெரிது. என் மகள் பூரணிக்குக் கண்டியில் இடம் பார்த்திருக்கிறது. பொன்னையா முதலாளியின் மகன், கணேசமூர்த்தி. ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு மலைக்குப் போகிறார்கள். கினிகத்தேனை வழியாக, உன் வீதி வழியாக. "உங்க தங்கச்சி வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறோம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அதற்குள் அந்தச் சுவரைக் கொத்தி எடுத்துவிடச் சொல். மீன் இருக்கட்டும், மயில் இருக்கட்டும், எனக்கென்ன. அம்மா வேண்டாம்.

அழகுமுத்து


நோட்டன் பிரிட்ஜ்
2.12.1955

அண்ணனுக்கு,

முதலில் கணக்கைச் சரிபண்ணிக்கொள்வோம். என்னுடையது வடைக் கடை இல்லை. அரிசி, மா, கற்பூரம், மலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி, எல்லாம் இருக்கிறது. வடையும் இருக்கிறது.

மயில் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கை எப்படி வந்தது அண்ணன் அந்தச் சொல்லை எழுத?

நம் லயத்துக் காம்பராவின் வெளிச்சுவரில் அம்மா ஒரு பொங்கலுக்குச் செம்மண்ணைக் குழைத்து மயில் ஒன்று வைத்தாள். தோகைக்கு நீலம் கேட்டுச் சலவைக்காரனிடம் போனாள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன இடத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "இது தொர செவுரு. ஒங்கப்பன் வீட்டுச் செவுருன்னு நெனச்சியா?" அன்று சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு, அதே கையால் மயிலைச் சுரண்டினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள். தென்னந்தும்பால் தேய்த்தது நான். அம்மா தோகையைக் கடைசியாகத்தான் அழித்தாள்.

அதனால்தான் எங்களுக்கென்று ஒரு சுவர் வந்தபோது அதில் அவள் ஏறினாள். அவளை இறக்கச் சொன்னால் யார் சொன்னாலும் எனக்குக் கண்டாக்கையா சத்தம்தான் கேட்கும். நீங்கள் சொன்னாலும்.

உங்கள் மச்சானிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சீமெந்து காஞ்சிருச்சு நாகு, இனி கொத்துனா செவுரே வந்துரும்" என்றார். அது பொய். கொத்தினால் அம்மா மட்டும்தான் வருவாள். இருந்தாலும் மனுஷனின் அந்தப் பொய்க்காக அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன்.

பூரணிக்கு நல்ல இடம் என்று கேட்டு மனம் நிறைந்தது. அவர்கள் வரட்டும், தேத்தண்ணி என்ன, சாப்பாடே போடுகிறேன். சுவர் அப்படியேதான் இருக்கும்.

நாகலெட்சுமி


ஹட்டன்
5.1.1956

அன்புத் தங்கைக்கு,

நடந்ததை மறப்போம். கூடப் பிறந்தவர்களுக்குள் என்ன வழக்கு.

பொங்கல் வருகிறது. இந்த வருஷச் சீரோடு நல்ல சுண்ணாம்பாக நான்கு மூட்டையும், வெள்ளை அடிக்க மூக்கனையும் அனுப்புகிறேன். நம் தோட்டத்தில் வெள்ளை அடித்த அதே மூக்கன்தான். வேலையில் இருந்து நின்றபிறகு நம் கடையில் மூட்டை தூக்குகிறான். வீட்டு முகப்பு முழுவதும் அவன் கையாலேயே அடிக்கட்டும். நீ ஒன்றும் சிரமப்பட வேண்டாம். அவன் வேலை செய்கிறபோது குறுக்கே நின்று அதிகாரம் பண்ணாதே, வயசானவன்.

புடவை பச்சைக் கரை. பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்


நோட்டன் பிரிட்ஜ்
17.1.1956

அண்ணனுக்கு,

சீர் வந்து சேர்ந்தது. புடவை பிடித்தது. கரும்பு இனிப்பு. சுண்ணாம்பு முதல் தரம், ஒளித்துச் சொல்வானேன். உங்கள் தந்திரமும் முதல் தரம்தான், ஆள் தேர்வில்தான் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

பொங்கலுக்குச் சரக்கு எடுக்க நானும் மச்சானும் நாவலப்பிட்டிக்குப் போன நாளாகப் பார்த்து மூக்கன் அண்ணன் வந்திருக்கிறார். நாங்கள் திரும்பி பஸ்ஸில் வரும்போது வளைவிலேயே பார்த்துவிட்டேன். முகப்பு பளீரென்று வெள்ளையாக நின்றது. அந்த நாலு மூட்டைச் சுண்ணாம்பு எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இறங்கி ஓடினேன். அம்மா அங்கேதான் இருந்தாள். மேலே கூரை வரை வெள்ளை. இடுப்பு உயரத்தில் நூல் பிடித்த மாதிரி கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. மூக்கன் அண்ணன் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மொகப்பு பூரா அடிக்கச் சொல்லித்தானே அனுப்புனாரு?"

"பூரா அடிச்சிட்டேனே ஆத்தா."

"கீழ அடிக்கலையே."

"கீழ தார்ப்பட்டையில்ல?"

லயத்துச் சுவரில் இடுப்பு வரை தார் அடித்திருக்கும், அதற்கு மேல்தான் வெள்ளை. நீங்களும் நானும் மறந்தோம், அவர் கை மறக்கவில்லை.

"இங்க தார் எங்க அண்ணே இருக்கு? எங்கம்மால்ல இருக்கு."

"யாரு இருந்தா என்னா? தார்ப்பட்டையில ஒரு சொட்டுச் சுண்ணாம்பு பட்டாலும் அன்னிக்கு முழுப்பேரு கெடையாது, அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம். ஆயுசு பூரா அடிச்சவன் நான். என்னைய அரைப்பேரு ஆளுன்னு நெனச்சுக்கிட்டியா?"

சொட்டிய சுண்ணாம்பை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, பஸ் புழுதி எல்லாம் போய், அம்மா முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. மேலே வெள்ளை விழுந்ததால் அணைக்கட்டில் இருந்தே தெரிகிறாள். முன்பு வீதியில் வந்தால்தான் தெரிவாள். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று எனக்கே குழப்பம்.

மூக்கன் அண்ணனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். பாவம், அவரை ஏசாதீர்கள்.

நாகலெட்சுமி


ஹட்டன்
20.1.1956

நாகு,

மூக்கனை ஏசவில்லை. ஏச வாய் வரவில்லை. "கோடு நேரா இருக்குங்க மொதலாளி" என்று சந்தோஷமாக வந்து நிற்கிறவனை என்ன செய்வது.

கண்டிக்காரர்கள் வருகிற இருபத்தெட்டாம் தேதி புறப்படுகிறார்கள். உன்னிடம் ஒன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போன வருஷமும் பூரணிக்கு ஒரு இடம் வந்தது. பரிசம் போடுகிற நிலையில் யாரோ ஒருவன் போய் "அது லயத்துக் குடும்பம்" என்றான். அவர்கள் வரவில்லை. எங்களுக்குச் சொல்லக்கூட இல்லை. உன் அண்ணி சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூரணி கட்டியிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டுக் கடைக்கு வந்து பில் போட உட்கார்ந்தாள். அந்த முகத்தை இன்னொரு தடவை நான் பார்க்க வேண்டுமா?

கொத்த வேண்டாம். அடிக்க வேண்டாம். அன்று ஒரு நாள் அரிசி மூட்டைகளை அந்த உயரத்துக்கு அடுக்கி மறைத்து வை. அவர்கள் போனதும் எடுத்துவிடு. அண்ணன் என்று அதிகாரமாகக் கேட்கவில்லை. பூரணியின் அப்பனாகக் கேட்கிறேன்.

அழகுமுத்து


நோட்டன் பிரிட்ஜ்
30.1.1956

அண்ணனுக்கு,

இதை நின்றுகொண்டே படிக்காதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மூட்டைகளை அடுக்கினேன். எனக்காக இல்லை, உங்களுக்காகவும் இல்லை, அந்தப் புடவையை மடித்து வைத்த பிள்ளைக்காக. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கடைசி மூட்டையை வைத்தேன்.

கார் வந்தது. பொன்னையா முதலாளி, அவர் சம்சாரம் ராசம்மா, மகன். முதலாளி வீதி முழுக்க நடந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பாண் சுவரைப் பார்த்துச் சிரித்து ஒரு றாத்தல் பாண் வாங்கினார். கேத்தலைப் பார்த்து ஜமால்தீன் நானா கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டார், நான் இங்கே அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருக்க. அப்புறம் எங்கள் வாசலுக்கு வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. மூட்டைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, அரிசிய வெளியில அடுக்கி வச்சிருக்க? தண்ணிக் கரை. பனி எறங்குனா நாளைக்கு நீ சோறுதான் விக்கணும்."

"உள்ள எடம் இல்லீங்க மொதலாளி" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "எடம் இல்லையா? தேரே ஓட்டலாம் போல கெடக்கு." திரும்பி மகனைப் பார்த்தார். "மூர்த்தி, சட்டையக் கழட்டு."

அண்ணன், எதை நினைத்துப் பயந்தாலும் இதை நினைத்தோமா? வியாபாரி கண்ணுக்கு முன்னால் அரிசி பனியில் கிடக்குமா? "வேணாங்க, வேணாங்க" என்று நான் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் மூட்டையைப் பிடித்து இழுக்கிறோம். பையன் கேட்கவில்லை. நல்ல பையன், சொல்லிவிடுகிறேன், மூட்டையை முதுகில் வாங்குகிற பழக்கம் இருக்கிறது. மேல்வரிசை போனதும் தலைக்கயிறு வந்தது. அடுத்ததில் முகம். பிறகு கூடை. கடைசி மூட்டையைத் தூக்கியபோது பேர்.

முதலாளி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "காளியாயி." நிமிர்ந்தார். "ஹட்டன்ல சம்பந்தி கடைப் பலகையிலயும் இதே பேருதானே. கொலதெய்வம்னு சொன்னாரு." மறுபடி சுவரைப் பார்த்தார். "ஒங்க கொலதெய்வம் கொழுந்து எடுக்குதேம்மா."

மச்சான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு தெய்வம் என்று சொல்லலாமா, வேறு ஆள் என்று சொல்லலாமா என்று எனக்குள் எல்லாம் ஓடியது. எத்தனையோ சரக்குக்கு வாய் கூசாமல் விலை சொன்னவள் நான். பெற்றவளை நேராகப் பார்த்துக்கொண்டு அவள் இல்லை என்று சொல்ல வரவில்லை.

"தெய்வந்தாங்க. எங்கம்மா. லயத்துலதான் பொறந்தோம், ரெண்டு பேரும். கப்பலும் இல்ல, சரக்கும் இல்ல. கல்யாணத்த நிறுத்துறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. போன தடவை இன்னொரு குடும்பம் செஞ்ச மாதிரி புள்ளைய அலங்காரம் பண்ணி உக்கார வச்சிட்டு வராம இருந்துறாதீங்க."

முதலாளி பாண் பொட்டலத்தை மகன் கையில் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப மொதல் எப்புடி வந்துச்சு அவருக்கு?"

"மண்ணெண்ணெ டின்னத் தலையில வச்சு லயம் லயமா வித்தாரு."

"யாரும் கைமாத்துக் குடுக்கலையா?"

"லயத்தானுக்கு யாருங்க குடுப்பா?"

அவர் மூட்டை ஒன்றின் மேலேயே உட்கார்ந்தார். "எனக்கு எங்கப்பா விட்டுட்டுப் போன கடை. எழக்காம வச்சிருக்கேன், அவ்வளவுதான் என் கெட்டித்தனம். ஒங்கண்ணன் கப்பல் சரக்குன்னு சொன்னப்ப ஒரு யோசனை இருந்துச்சு. அப்பன் சரக்கு தீந்துட்டா இவரு என்ன பண்ணுவாருன்னு. தலையில டின் தூக்குனவருன்னா அந்த யோசனை இல்ல. கடை தீப்பிடிச்சாலும் மறுநாள் டின்னத் தூக்கிருவாரு."

ராசம்மா அக்கா அதுவரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு இந்த மூக்கா?" என்று கேட்டார்.

"இதே மூக்குதாங்க."

"அப்ப சரி" என்று உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனால் முதலாளி விட்டுவிடவில்லை. "பொய் சொன்னதுக்கு அபராதம் உண்டு. பரிசம் ஹட்டன்ல மண்டபத்துல வேணாம். இந்த வீதியில, இந்தச் செவுத்துக்கு முன்னால போடணும். அவரு காரை விட்டு எறங்கி, நடந்து வரணும்." மாசி பத்தாம் தேதிக்கு நாள் பார்த்திருக்கிறார்.

அண்ணன், கடைசியில் நீங்கள் எங்கள் ஊருக்கு வரத்தான் போகிறீர்கள்.

அன்றைக்கு மட்டும் மூன்று பஸ் நின்றது. கம்பளித் தொப்பி முழுவதும் தீர்ந்துவிட்டது. வரும்போது ஹட்டனில் இருந்து இரண்டு பெட்டி எடுத்து வாருங்கள். சொந்த விலைக்கு.

நாகலெட்சுமி


ஹட்டன்
1.3.1956

நாகுவுக்கு,

வந்தேன், இறங்கினேன், நடந்தேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நீங்களெல்லாம் தட்டு மாற்றுகிற பரபரப்பில் இருந்தபோது நான் குளக்கரைப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். தையற்காரர் கத்தரிக்கோல், பாண், கேத்தல், அம்மா எல்லாம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மேளச் சத்தம் கேட்டு பஸ்ஸில் இருந்து இறங்கிய யாரோ ஒரு பெண்பிள்ளை அம்மா காலடியில் கற்பூரம் கொளுத்திவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிஜமாகவே தெய்வமென்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை. இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யிலேயே அந்த ஒன்றுதான் உண்மையாகிப்போனது.

சாடை கேட்டிருந்தாய். சரியாக இருக்கிறது. வாயை மட்டும் மச்சான் சிரித்த மாதிரி வைத்திருக்கிறார். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று பூரணி மாலையோடு அந்தச் சுவரடியில் நின்றபோது இரண்டு வாயும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆகவே மாற்ற வேண்டாம்.

ஹட்டனில் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை மொத்த வியாபாரி ஒருவர் கடைக்கு வந்து பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன அழகுமுத்து, தோட்டத்து ஆளாமே?" என்றார். "ஆமா, அதான் பேரே மேல போட்டிருக்கேன்" என்றேன். வழக்கமான சரக்கை எழுதிக்கொண்டு போனார். இவ்வளவுதானா என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. சின்னராசா மச்சானைச் சீமெந்தோடு இங்கே அனுப்பு. என் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது, உன் வீதியைவிடப் பத்து மடங்கு ஜனம். முகப்பின் கீழ்ப்பாதியில் அம்மா வேண்டும், கூடையோடு. பக்கத்தில் மயில். தோகைக்கு நீலம் நானே வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல நீலம், வெயிலுக்கு வெளுக்காது. சுவர் நம்முடையது, பத்திரம் பெட்டியில் இருக்கிறது.

மேலே வெள்ளை அடிக்க ஆள் தேட வேண்டாம். மூக்கனே அடிக்கட்டும். என் மனசு நாளைக்கே மாறினாலும் மாறும், யார் கண்டது. இடுப்புக்குக் கீழே அவன் கை போகாது என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே தைரியம்.

அண்ணன்
அழகுமுத்து
காளியாயி மகன்